அண்ணாமலைக்கு நேர் வடக்கே திருக்கேதாரம்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் திருக்கோயிலிலிருந்து வடக்கு நோக்கி ஒரு நேர்கோடு வரைந்தால், அது இமயத்தில் திருக்கேதாரத்தைச் சென்று தொடும். இரு தலங்களும் ஏறக்குறைய 79.07 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் அமைந்தவை. இடைப்பட்ட வான்தொலைவு சுமார் 2,050 கி.மீ. சிதம்பரம், காஞ்சி, காளத்தி ஆகியனவும் இதே கோட்டில் உள்ளன என்று கைப்பேசிகளில் ஒரு செய்தி உலவுகிறது. அது பிழை. அம்மூன்றும் தமக்குள் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்தவையே. ஆனால் அக்கோடு அண்ணாமலைக்கு 60 கி.மீ.க்கும் மேல் கிழக்கே செல்கிறது.

யாத்திரை வழி அவ்வளவு நேரானதன்று. அண்ணாமலையிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குச் சாலையில் சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து தில்லிக்கு விமானத்தில் ஏறக்குறைய மூன்று மணி. தில்லியிலிருந்து டேராடூனின் ஜாலி கிராண்ட் விமான நிலையத்துக்கு ஒரு மணி. தொலைவின் பெரும்பகுதி இந்த நான்கு மணிப் பறத்தலிலேயே கழிந்துவிடும். கடினம் அதன்பின்தான். ரிஷிகேசம், ருத்ரபிரயாகை, குப்தகாசி வழியாகக் கௌரிகுண்டம் வரை சுமார் 230 கி.மீ. மலைச்சாலை. மழையும் மண்சரிவும் குறுக்கிட்டால் ஒரு பகல் போதாது.

கௌரிகுண்டத்திலிருந்து நடை. 2013 ஜூன் பெருவெள்ளத்துக்கு முன் அந்த நடைவழி 14 கி.மீ. அண்ணாமலையாரின் கிரிவலப் பாதையும் 14 கி.மீ.தான்! வெள்ளத்தில் ராம்பாடா அழிந்தபின் மந்தாகினியின் மறுகரையில் புதிய வழி அமைத்தனர். இப்போது 16 கி.மீ.க்குக் குறையாது. பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் கால்களுக்கு இது பெரிதா என எண்ணும் முதியோர் உண்டு. அந்தக் கணக்கு பொருந்தாது. கிரிவலப் பாதை பெரும்பாலும் சமதளம். கேதார வழியோ சுமார் 1,600 மீட்டர் ஏற்றம். அண்ணாமலையின் உயரமே 814 மீட்டர்தான்.

பாட்டாவிலிருந்து ஹெலிகாப்டரில் ஏறினால் சுமார் பத்து நிமிடத்தில் கேதாரம். கால்களுக்கு இது பேருதவி, நெஞ்சுக்கு அவ்வாறன்று. ஆலயம் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடற்கரை ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. நடந்து ஏறுபவரின் உடல் சிறிதேனும் பழகிக்கொள்ளும். பறந்து ஏறுபவருக்கு அந்த அவகாசம் இல்லை. இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே மருத்துவரைக் காண்பது அவசியம்.

திருக்கேதாரத்தைப் பாடிய சம்பந்தரும் சுந்தரரும்கூட அங்கே செல்லவில்லை. காளத்தியிலிருந்தே பாடினர் என்பது பெரியபுராண வரலாறு.

ஏற இயலாதோர்க்கு ஊகிமடம் உண்டு. தீபாவளியை அடுத்துக் கேதாரத்தில் நடை சாத்தப்பட்டதும் உற்சவமூர்த்தி அங்குள்ள ஓங்காரேசுவரர் ஆலயத்துக்கு எழுந்தருள்வார். பனிக்காலம் முழுவதும் பூஜை அங்கேதான். ஊகிமடம் சுமார் 1,300 மீட்டர் உயரத்திலேயே உள்ளது. வாகனம் ஊர்வரை செல்லும். கம்பளி மட்டும் தாராளமாக எடுத்துச் செல்ல வேண்டும்.