எர்த் என்னும் ஒரு சொல்

சென்ற ஆண்டு மார்ச் மாதம் நடந்ததை எழுத வேண்டாம் என்றே இருந்தேன். ஆய்வேட்டில் கடன்சொற்களின் பொருள் விரிவு பற்றிய இயலைத் திருத்திக்கொண்டிருந்தபோது ‘எர்த்’ என்னும் சொல் எதிரே வந்து நின்றது. அதனால் எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு, பொறுத்தருள்க.

ஹைதராபாத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில் மூத்தவர் ஓர் இயந்திரப் பொறியியல் ஆய்வாளர், சென்னைக்காரர். நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். பழைய டர்பைன் ஒன்றை வாங்கி, உதவித்தொகையில் மிச்சம்பிடித்த பணத்தில் இரண்டாண்டு உழைத்து ஒரு மாதிரி ஜெட் விமானத்தைக் கட்டியிருந்தார். ஒரு சாப்பாட்டு ஜாடி அளவே இருக்கும் அந்த டர்பைன் நிமிடத்திற்கு ஒன்றரை லட்சம் சுழற்சியைத் தொடும். முழு விசையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் மண்ணெண்ணெயைக் குடிக்கும். சென்னையில் அது ஒருமுறைகூடப் பழுது காட்டியதில்லை.

அன்று பிற்பகல் காற்றில் ஈரமே இல்லை. சட்டையைக் கழற்றினால் முடி சிலிர்க்கும் நாள். எரிபொருள் நிரப்பியவன் நான். படம் எடுத்தவனும் நான். விமானம் மூன்றாம் வட்டத்தில் இருந்தபோது என் கைபேசி அதிர்ந்தது, அம்மா. அதே கணத்தில் டர்பைன் அணைந்தது. உந்துவிசை இழந்த விமானம் ஓடுதளத்தை எட்டாமல் முட்புதருக்குள் விழுந்தது.

“போனை ஆஃப் பண்ணிடுன்னு சொன்னேனே தம்பி” என்றார் அண்ணன். அவ்வளவுதான். அதன்பின் பதினைந்து நாள் அவர் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. நானும் மறுக்கவில்லை. இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நிகழ்ந்தால் ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது என்று முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். ஆனாலும் குற்றத்தை ஏற்றுக்கொண்டேன்.

பதிவுகளைத் திறந்து பார்க்க அவருக்கு மனம் வரவே இரண்டு வாரம் ஆயிற்று. விமானத்திற்கும் கையிலிருந்த கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையிலான வானொலித் தொடர்பு கடைசிவரை சீராகவே இருந்திருக்கிறது. கைபேசி குறுக்கிட்டிருந்தால் முதலில் தடுமாறியிருக்க வேண்டியது அதுதான். ஆனால் டர்பைனை இயக்கும் ஈசியு பெட்டியின் பதிவு, அணைந்ததற்கு எந்தக் காரணமும் குறிக்காமல், பாதிச் சொல்லில் நின்ற வாக்கியம்போல அறுந்திருந்தது. பிறகு எரிபொருள் குழாயை நீரில் அமிழ்த்தி ஊதிப் பார்த்தார். ஈசியுவின் கம்பியை ஒட்டிச் சென்ற இடத்தில் ஊசிமுனைத் துளை. அதிலிருந்து வரிசையாகக் குமிழிகள்.

மண்ணெண்ணெய் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும் திரவம். பிளாஸ்டிக் குழாயின் சுவரை உரசிக்கொண்டு ஓடும்போது மின்னூட்டம் பிரிகிறது. தொட்டிக்குள் இருக்கும் கம்பளி வடிகட்டி, பரப்பு மிகுதியாக இருப்பதால், அதை இன்னும் பெருக்குகிறது. கடத்துதிறன் மீட்டருக்கு 1 பிக்கோசீமென்ஸ் மட்டுமே உள்ள எரிபொருளில் அந்த மின்னூட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைவதற்கே ஏறத்தாழ 18 வினாடி ஆகும். தொட்டியிலிருந்து டர்பைனுக்குச் செல்ல எரிபொருளுக்கு ஓரிரு வினாடி போதும். ஆகவே தேங்கியது தேங்கியபடியே சேரும். அளவு மீறினால் குழாய்ச் சுவரைத் துளைத்து அருகிலிருக்கும் கம்பிக்குத் தாவும். கடற்கரைக் காற்றில் பரப்புகளின்மேல் படியும் ஈரம் இதைச் சிறிது சிறிதாகக் கசியவிட்டிருக்க வேண்டும் என்பது அண்ணனின் கணிப்பு. சென்னை எங்களை ஏமாற்றியிருந்தது. (‘நிலைமின்சாரம்’ என்ற பாடநூல் சொல்லின்மீது எனக்கு அன்றிலிருந்து ஒரு மனத்தாங்கல் உண்டு. ஓடுகிற திரவத்தில் பிறந்து, தாவிப் பாய்ந்து, விமானத்தையே வீழ்த்துகிற ஒன்றுக்கு ‘நிலை’ என்று பெயர்.)

உண்மையில், நிலைமின்சாரத்தைப் பற்றி அண்ணன் அறியாதவர் அல்லர். எரிபொருள் நிரப்பும்போது விமானத்தின் உலோகக் காலிலிருந்து தரையில் அறைந்த ஆணிக்கு ஒரு கம்பி கட்டச் சொல்வார், நான் கட்டியிருந்தேன். “எர்த் குடுத்தாச்சா?” “குடுத்தாச்சுண்ணா.” நாங்கள் இருவரும் நிம்மதி அடைந்தது அந்த ஒற்றைச் சொல்லால்தான். தரையில் இருந்தவரை அது சரி. பறக்கத் தொடங்கிய பின் எர்த் ஏது?

ஆங்கிலத் தொழில்நுட்ப வழக்கில் இங்கே இரண்டு சொற்கள் உண்டு: எர்த்திங், பாண்டிங். முன்னது மண்ணோடு இணைப்பது. பின்னது உறுப்புகளை ஒன்றோடொன்று இணைத்து, அவற்றிடையே மின்னழுத்த வேறுபாடு எழாமல் செய்வது. பயணிகள் விமானத்திற்கும் எரிபொருள் வண்டிக்கும் இடையே மாட்டும் கம்பி இரண்டாம் வகை. பேச்சுத் தமிழில் நாம் இரண்டையும் ‘எர்த்’ என்றே சொல்கிறோம். வீட்டு மின்சாரத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம். காற்றில் மிதக்கும் பொருளுக்குப் போதாது. அதற்குக் கிடைப்பது இரண்டாம் வகை மட்டுமே. பெரிய விமானங்களின் இறக்கை விளிம்புகளில் குச்சிகள்போல நீட்டிக்கொண்டிருப்பவை, சேர்ந்த மின்னூட்டத்தைக் காற்றிலேயே கசியவிடுவதற்காக வைக்கப்பட்டவை.

இரண்டாம் விமானத்தில் அண்ணன் குழாயின் நடுவே இரண்டு இடங்களில் சிறு பித்தளைத் துண்டுகளைப் பொருத்தினார். அவற்றையும், தொட்டியின் உலோக மூடியையும், டர்பைனைப் பிடிக்கும் பட்டையையும் மெல்லிய பின்னற்கம்பியால் இணைத்து, ஈசியு மின்கலத்தின் எதிர்முனையில் சேர்த்தார். ஈசியு பெட்டியைக் குழாயிலிருந்து தள்ளி வைத்தார். மண்ணெண்ணெயில், வழக்கமாகக் கலக்கும் உராய்வு எண்ணெயோடு, கடத்துதிறனைக் கூட்டும் சேர்பொருளும் கலந்தார். லிட்டருக்குச் சில மில்லிகிராமே போதும். கடத்துதிறன் 50 பிக்கோசீமென்ஸை எட்டிவிட்டால் அந்த 18 வினாடி அரை வினாடிக்கும் கீழே இறங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சேர்பொருள்தான். மின்னூட்டம் பிறப்பதை அது தடுப்பதில்லை. வெளியேறத் தாமதிக்காதபடி செய்கிறது.

அண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இந்த ஆண்டு, அதே வறண்ட காற்றில், கிளம்பும் முன் மல்டிமீட்டரை என் கையில் தந்தார். ஒரு முனையைத் தொட்டி மூடியிலும் மறுமுனையை டர்பைன் பட்டையிலும் வைத்தேன். ‘பீப்’ என்றது. “பாண்டிங் சரியா இருக்குண்ணா” என்றேன். சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது, அம்மாதான். அணைக்கப் போனேன்.

“பேசு தம்பி, பேசிட்டே வா” என்று சொல்லிவிட்டு, விமானத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுதளத்துக்கு நடந்தார்.