கோபுர்க் நகரின் கேடயம்

விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கிய கட்டடங்களை நம் நாட்டுப் பெருநகரங்களில் கண்டிருக்கும் நேயர்களுக்கு, ஜெர்மனியின் கோபுர்க் நகரம் முற்றிலும் அந்நியமானதன்று. அவருடைய கணவர் ஆல்பர்ட் இளவரசர் 1819-ஆம் ஆண்டில் பிறந்த ரோஸனாவ் மாளிகை அதன் அருகில்தான் உள்ளது.

பவேரியாவின் வடபகுதியில், இட்ஸ் நதிக்கரையில் அமைந்த இச்சிறு நகரின் மக்கள்தொகை சுமார் 40,000. குன்றின்மேல் நிற்கும் கோட்டையில் 1530-இல் மார்ட்டின் லூதர் சில மாதங்கள் தங்கியிருந்தார். ஆயினும், தெருவில் நடக்கும் பிரயாணியை வியப்பில் ஆழ்த்துவது காலடியிலுள்ள சாக்கடை மூடிகளே. அவற்றில் ஒரு முகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. நகரின் கேடயச் சின்னமும் அதுவே: பொன்னிறப் பரப்பில், காதணி அணிந்த ஓர் ஆப்பிரிக்கரின் கரிய தலை.

அவர் நகரின் காவலராகப் போற்றப்படும் புனித மௌரிசியுஸ். எகிப்தின் தீப்ஸிலிருந்து வந்த ரோமானியப் படைத்தலைவரென்றும், மனச்சாட்சிக்கு மாறான அரச ஆணைக்குப் பணியாமல் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் உயிர் துறந்தாரென்றும் மரபு கூறுகிறது. அவரைக் கருநிற வீரராகச் சித்திரிக்கும் வழக்கம் ஜெர்மனியில் 13-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. நகர மண்டபத்தின் உச்சியிலும் அவர் கையில் கோலுடன் நிற்கிறார். அக்கோலின் நீளமே கோபுர்க் இறைச்சிக் குழலுக்கு அளவு என்று ஊரார் வேடிக்கையாகக் கூறுவர்!

வேடிக்கை என்றும் நிலைத்ததில்லை. 1929-இல், ஜெர்மானிய நகரங்களுள் முதன்முதலாக, இந்நகரின் மன்றத்தில் நாஜிகள் பெரும்பான்மை பெற்றனர். கரிய முகம் தங்கள் கேடயத்தில் இருப்பதை அவர்கள் பொறுக்கவில்லை. 1934-இல் அதை நீக்கி, வாளையும் ஸ்வஸ்திகத்தையும் பொறித்தனர். 1945-இல் அவர்கள் ஆட்சி வீழ்ந்ததும் மௌரிசியுஸ் திரும்பி வந்தார்.

2020-இல் வேறொரு கேள்வி எழுந்தது. தடித்த செவ்விதழும் காதணியும், ஆப்பிரிக்கர்களைப் பற்றி ஐரோப்பியர் கற்பித்துக்கொண்ட உருவமல்லவா என்று சிலர் சின்னத்தை மாற்றக் கோரினர். ஒரு புனிதருக்குச் செய்யும் மரியாதையை நாஜிகளைப் போல் நாமும் நீக்குவதா என்று மற்றவர் மறுத்தனர்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அயலாரைப் போற்றுவது ஒன்று. அவரை உள்ளபடி அறிவது மற்றொன்று. பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழும் நாம், இவ்விரண்டையும் வேண்டுகிறோம்; பிறருக்கு இவ்விரண்டையும் அளிக்கவும் கடமைப்பட்டிருக்கிறோம்.