காளை வந்தால் யார் உட்காருவார்? கம்பம் பள்ளத்தாக்கின் ஜல்லிக்கட்டு கேலரிகள்

தேனியில் கம்பம் போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் இடம் பிடித்துவிட்டால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குக் கண்ணுக்குக் குறைவில்லாத விருந்து. வலது பக்கம் கேரளத்தின் ஏலக்காய் மலைகள். இடது பக்கம் மேகமலை. நடுவில் முல்லைப் பெரியாறு. வீரபாண்டி, சீலையம்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என ஊர்கள் நகர நகர நெல்வயல், வாழைத்தோட்டம், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல் என்று காட்சி மாறிக்கொண்டே வரும். 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர்தான், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் விளையக் காரணம்.

பொங்கல் முடிந்து மதுரைப் பக்கம் ஆரவாரம் அடங்கும் நேரத்தில், இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு ஊர்களின் பெயர் அடிபட ஆரம்பிக்கும். ஒன்று சின்னமனூர் அருகே உள்ள அய்யம்பட்டி. இன்னொன்று உத்தமபாளையம் வட்டத்தில் இருக்கும் பல்லவராயன்பட்டி. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் போலப் பொங்கல் நாட்களில் அல்ல. கோயில் திருவிழாவையொட்டி, பெரும்பாலும் பிப்ரவரியில் இங்கே ஜல்லிக்கட்டு நடக்கும்.

போட்டி நாளில் காளையையும் மாடுபிடி வீரர்களையும் பற்றி ஊரே பேசும். பார்க்க வந்தவர்கள் எங்கே நிற்கிறார்கள், எதன் மேல் நிற்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால், கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

ஒரு நாள் ஸ்டேடியம்

ஜல்லிக்கட்டுக்குச் சில நாட்கள் முன்பு போனால், ஒரு கிராமம் தற்காலிக ஸ்டேடியமாக மாறுவதைப் பார்க்கலாம். வாடிவாசலை ஒட்டிக் களம் தயாராகும். விழுகிறவர்களுக்கு அடிபடாமல் இருக்கத் தரையில் தென்னைநார்க் கழிவைக் கொட்டிப் பரப்புவார்கள். தென்னை விளையும் பூமியில் அதற்குப் பஞ்சமில்லை. களத்தின் இருபுறமும் தடுப்பு வேலி. வேலிக்குப் பின்னால் சவுக்குக் கம்பும் இரும்புக் குழாயும் பலகையும் சேர்த்துக் கட்டிய கேலரி.

இந்த கேலரிக்கும் வேலிக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2009-ல் வந்த தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே பார்வையாளர் பாதுகாப்புக்காக இரட்டைத் தடுப்பு வேலி வேண்டும், கேலரியின் உறுதியைப் பொதுப்பணித் துறை பார்த்துச் சான்று தர வேண்டும் என்ற ஏற்பாடுகள் இருந்தன. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய போராட்டத்துக்குப் பிறகு புதிய சட்டத் திருத்தமும் விதிகளும் வந்தன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இன்று அய்யம்பட்டியிலோ பல்லவராயன்பட்டியிலோ காளை களமிறங்க வேண்டும் என்றால், இந்த விதிகளின்படி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்த்த பிறகுதான்.

காகிதத்தில் எல்லாம் சரி. சிக்கல் ஆரம்பிப்பது முதல் காளை வந்த பிறகு.

பலகை இருக்கிறது, உட்காரத்தான் ஆள் இல்லை

வாடிவாசலில் கோயில் காளை தலையைக் காட்டியதும் முன்வரிசைக்காரர் எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. அவரும் எழுவார். அரை நிமிடத்தில் கேலரி முழுக்க எழுந்து நிற்கும். மைக்கில் எத்தனை முறை சொன்னாலும் பலன் குறைவு. காளை திமிலை உலுக்கி வீரரை உதறும்போது யாரால் சும்மா உட்கார்ந்திருக்க முடியும்?

உட்கார்ந்திருக்கும் ஆள் பலகையில் தனக்கென்று ஓர் அளவு இடத்தைப் பிடித்துக்கொள்வார். நிற்கும் ஆளுக்கு அதில் பாதி போதும். அதனால் ஒருவர் இடத்தில் இருவர் ஏறிக்கொள்வது சுலபம். அதோடு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குதித்தால், கட்டை தாங்க வேண்டிய விசை அவர்களின் எடையைவிட அதிகமாகிவிடும். உட்காருபவர்களுக்காகக் கணக்குப் போட்ட கேலரி, நின்று குதிப்பவர்களைச் சுமக்கிறது. நிற்பவர் தடுமாறினால் பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு கம்பியும் இருக்காது. முன்னால் நிற்பவரின் தோள்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பாடம்

கம்பத்திலிருந்து குமுளி ஏறினால் கேரளம். அங்கே காளைக்குப் பதில் கால்பந்து. மலப்புரம் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் ‘செவன்ஸ்’ என்றால் உயிர். அதற்கும் இதேபோல ஊருக்குள் தற்காலிக கேலரி கட்டுவார்கள். 2022 மார்ச் 19 இரவு, மலப்புரம் மாவட்டம் காளிகாவு அருகே பூங்கோடு என்ற ஊரில் அப்படி ஒரு கேலரி கூட்டத்தோடு சரிந்தது. சுமார் 200 பேர் காயமடைந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில், தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டித் தொடக்க நாளில் கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்.

கால்பந்தோ கபடியோ காளையோ, கட்டைக்கு வித்தியாசம் தெரியாது.

இங்கிலாந்து முப்பது ஆண்டு யோசித்த கேள்வி

‘நிற்க விடலாமா, உட்கார வைக்க வேண்டுமா’ என்ற இதே கேள்வியோடு நீண்ட காலம் மல்லுக்கட்டிய நாடு இங்கிலாந்து. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் - நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அரையிறுதி ஆட்டம். நின்று பார்க்கும் பகுதியில் அளவுக்கு மீறிக் கூட்டம் நுழைந்தது. முன்னால் இரும்பு வேலி. பின்னாலிருந்து நெரிசல். வெளியே வர வழியில்லாமல் நசுங்கியதில் 97 பேர் உயிரிழந்தார்கள். கடைசி நபர் அன்று பட்ட காயத்தின் பாதிப்பால் 2021-ல்தான் இறந்தார்.

1990-ல் நீதிபதி டெய்லர் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை கட்டாயமானது. 1994 முதல் மேல்மட்ட இரண்டு டிவிஷன்களிலும் நிற்கும் பகுதிகள் எடுக்கப்பட்டன. ஆனால், ரசிகர்கள் உட்காரவில்லை! இருக்கைக்கு முன்னால் எழுந்து நின்றார்கள். முழங்கால் உயர இருக்கையில் தடுக்கி முன்வரிசை மேல் விழும் புது ஆபத்து வந்தது.

ஜெர்மனி வேறு வழியில் போனது. டார்ட்மண்ட் அணியின் தெற்கு கேலரியில் சுமார் 25,000 பேர் நின்றே பார்க்கிறார்கள். வரிசைகளுக்கு இடையே உறுதியான கம்பித் தடுப்பு இருப்பதால், ஒருவர் சரிந்தாலும் மொத்தக் கூட்டமும் சரியாது. ஸ்காட்லாந்தின் செல்டிக் அணி 2016-ல் கம்பியும் மடக்கும் இருக்கையும் சேர்ந்த பகுதியை அமைத்தது. 2022 ஜனவரியில் இங்கிலாந்தும் சில மைதானங்களில் சோதனை பார்த்தது. அந்த ஆண்டின் புதிய சீசன் முதல், உரிமம் பெற்ற நிற்கும் பகுதிகளுக்கு அனுமதி வந்தது. நிபந்தனை ஒன்று: ஓர் இருக்கைக்கு ஓர் ஆள்தான். நிற்கிறார்கள் என்பதற்காக ஒருவரைக்கூடக் கூடுதலாக ஏற்றக் கூடாது.

ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் சிலருக்கு இதில் உடன்பாடு இல்லை. ‘இருக்கை வந்த பிறகு அப்படி ஒரு சாவு நடக்கவில்லையே’ என்ற அவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், அன்று உயிர்களைப் பறித்தது நின்றது மட்டுமல்ல. எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணாததும், வெளியேற வழி இல்லாததும், கூட்டத்தைக் கையாள்வதில் போலீஸ் செய்த தவறுகளும்தான்.

பள்ளத்தாக்குக்கு என்ன பொருந்தும்?

மதுரை மாவட்டம் கீழக்கரையில் 2024 ஜனவரி 24 அன்று கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. செலவு 60 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு ஒரு நாள் ஜல்லிக்கட்டு நடத்தும் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் அப்படி அரங்கம் கட்ட முடியாது. கட்டினால் அது கோயில் வாசல் ஜல்லிக்கட்டாகவும் இருக்காது.

ஆனால், கம்பி கட்டலாம். ‘எல்லோரும் உட்காருவார்கள்’ என்று நம்பிக் கட்டுவதைவிட, ‘எல்லோரும் நிற்பார்கள்’ என்று தெரிந்தே கட்டுவது நல்லது. ஒவ்வொரு வரிசைக்கு முன்னாலும் இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு கம்பி. ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை பேர் என்று பெரிதாக எழுதிய பலகை. அந்த எண்ணிக்கை வந்ததும் ஏணியை மூட ஓர் ஆள். இறங்குவதற்குத் தனி வழி. முதியவர்கள், பெண்கள், குழந்தைகளுக்கு உட்கார்ந்து பார்க்க உயரமான தனிப் பகுதி. பொதுப்பணித் துறை தரும் சான்று, நின்று குதிக்கும் கூட்டத்துக்கான சான்றாகவே இருக்கட்டும்.

கேலரிக்கு வெளியே இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, இரட்டை வேலிக்கு நடுவே உள்ள சந்து. முதல் வேலியை மாடு தாண்டினால் காப்பாற்றத்தான் இரண்டாவது வேலி. நடுவில் ஆட்கள் நின்றால் அந்த வேலி இருந்தும் இல்லாத மாதிரிதான். இன்னொன்று, களத்தைத் தாண்டி ஓடி வரும் காளைகளை உரிமையாளர்கள் பிடிக்கும் இடம். 2025 ஜனவரி 16, காணும் பொங்கல் அன்று மாநிலத்தின் பல ஊர்களில் நடந்த ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு நிகழ்ச்சிகளில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பார்வையாளர்களும் காளை உரிமையாளர்களும். மாட்டைப் பிடிக்கப் போனவருக்கு ஆபத்து என்னவென்று தெரியும். மருத்துவப் பரிசோதனை முடிந்துதான் அவர் களத்துக்குள் வருகிறார். பார்க்க வந்தவருக்கு அது எதுவும் இல்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

அய்யம்பட்டிக்கோ பல்லவராயன்பட்டிக்கோ போக நினைத்தால், முதலில் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து போடி வரும் ரயில் தேனியில் நிற்கும், தினமும் கிடையாது. மதுரையிலிருந்து தேனிக்கு நிறைய பஸ் உண்டு. தேனியிலிருந்து சின்னமனூர் சுமார் 25 கிலோமீட்டர்.

விடியற்காலையிலேயே போய்விடுங்கள். கேலரியில் ஏறும் முன் கீழே குனிந்து ஒரு முறை பாருங்கள். கால்கள் குறுக்குக் கம்பு போட்டு இறுகக் கட்டியிருக்கின்றனவா? இறங்க இன்னொரு வழி இருக்கிறதா? ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று தோன்றினால் ஏறாதீர்கள். வேலிச் சந்திலும், மாடு பிடிக்கும் இடத்திலும் நிற்கவே வேண்டாம். கைக்குழந்தையோடு வந்திருந்தால் தெருவோர வீட்டு மாடியில் இடம் கேளுங்கள்; கைப்பிடிச் சுவர் இருக்கும் மாடியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்குப் பிறகு கூட்டம் கலையும்போது, சாலையோரம் கம்பம் பன்னீர் திராட்சை கூடை கூடையாக வைத்திருப்பார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். காளையின் கதையைச் சொல்ல எல்லோரும் முழுசாக வீடு திரும்ப வேண்டும். திருவிழா என்பது அதுவும் சேர்ந்ததுதானே?