உம்மா நடந்த வழி

ஏர்வாடிக்குச் செல்வோர் இன்று இராமநாதபுரத்தில் பேருந்து ஏறி ஒரு மணி நேரத்தில் தர்கா வாயிலில் இறங்கிவிடுகின்றனர். துல்கஃதா மாதச் சந்தனக்கூட்டின்போது அந்தச் சாலை மக்கள் வெள்ளத்தால் நிரம்பும். ஆனால் கிழக்கேயுள்ள பெரியபட்டினத்திலிருந்து கடலோரமாகக் கீழக்கரை சென்று, அங்கிருந்து ஏர்வாடியை அடையும் பழைய நடைவழி ஒன்றும் உண்டு. நேர்ச்சை செய்தோர் நடந்த வழி அது. இப்போது அதில் நடப்போர் அரிது.

தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964-க்கு மறு ஆண்டில் நம் உம்மா அவ்வழியே நடந்தார்கள். சித்தம் கலங்கிய தம் இளைய தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எட்டு வயதுச் சிறுவராக நாமும் பின்னால் ஓடினோம். எழுபதை எட்டும் பருவத்தில், சென்ற மாசி மாதம், அதே வழியில் மீண்டும் ஒருமுறை நடக்க வேண்டுமென்ற எண்ணம் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

பெரியபட்டினத்தில் சுபுஹு தொழுது புறப்பட்டோம். பாண்டியர் காலக் கல்வெட்டுகள் பவித்திரமாணிக்கப்பட்டினம் எனக் குறிக்கும் துறைமுகம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். சீனப் பீங்கான் ஓடுகள் இம்மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. அத்தனை புகழ் படைத்த துறை இன்று தென்னந்தோப்புகளுக்கிடையே அமைதியாக உறங்குகிறது.

இடப்புறம் மன்னார் வளைகுடா. வலப்புறம் பனையும் உடைமரமும். மணலில் கால் புதையப் புதைய நடை தளர்ந்தது. ஊர்ப்புறக் களங்களில் மிளகாய் செக்கச் செவேலெனக் காய்ந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு வேம்பின் கீழ் சுண்ணாம்பு பூசிய சிறு கப்ரு ஒன்று. மேலே வெளுத்துப்போன பச்சைத் துணி, தலைமாட்டில் ஒரு விளக்கு மாடம். அடங்கியிருப்பவர் யாரென்று அருகே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணியைக் கேட்டோம்.

“பேரு யாருக்குத் தெரியும் அய்யா? எங்க பாட்டி காலத்துலேர்ந்து வெள்ளிக்கிழமை நாங்கதான் விளக்கு ஏத்துறோம்” என்றார் அந்த இந்துப் பெண்மணி. பெயரில்லாத அந்தப் பெரியாருக்கு ஸலாம் உரைத்து மேலே நடந்தோம்.

முற்பகலில் கீழக்கரை. வள்ளல் சீதக்காதி எழுப்பியதாகச் சொல்லப்படும் கல்தூண் பள்ளியில் அமர்ந்தபோது உடலின் வெப்பமெல்லாம் கல்லில் இறங்கிற்று. அரபுக் கவி பாடிய பேரறிஞர், 1703-ல் மறைந்த ஸதக்கத்துல்லா அப்பா அவர்களும், செத்தும் கொடுத்தான் என ஊர் போற்றும் அவ்வள்ளலும் இவ்வூரிலேயே அடங்கியுள்ளனர். இருவருக்கும் ஃபாத்திஹா ஓதி, லுஹர் தொழுதபின் மேற்கே திரும்பினோம்.

இனி வருவதுதான் நம் நெஞ்சைக் கனக்கச் செய்த தூரம். சீமைக் கருவேல் அடர்ந்த அப்பாதையில்தான் அன்று மாமா அடிக்கடி நின்றுவிடுவார். “லாத்தா, வீட்டுக்குப் போயிருவோம்” என்பார். “இந்தா வந்துருச்சு வாப்பா, கொஞ்சந்தான்” என்று உம்மா தேற்றுவார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ எத்தனை நீளமென்று இம்முறை நடந்த பின்னரே நமக்கு விளங்கிற்று.

ஏர்வாடியில் உம்மா நாற்பது நாள் தங்கினார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தது. கொழும்பிலிருந்து வாப்பாவின் கடிதங்களும் நெருக்கின. ஓலைக் கொட்டகை ஒன்றில், பார்த்துக்கொள்வோரிடம் மாதப் பணம் பேசி மாமாவை விட்டு வந்தார்கள். ஓடிவிடாமலிருக்கக் காலில் சங்கிலி. சங்கிலி உராயும் இடத்தில் உம்மா தேங்காயெண்ணெய் தடவியதை நாம் கண்ணால் கண்டோம். மறு ஆண்டு மாமா மௌத்தான செய்தி வந்தது. அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதன்பின் நம் வீட்டில் அவர் பெயரை எவரும் எடுத்ததில்லை.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாது கருகினர். 28 உயிர்கள் போயின. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. செய்தித்தாளை நாம் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தச் சங்கிலியை நாந்தானே பூட்டச் சொன்னேன்” என்றார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் அவர்கள் சுமந்த பாரம் அந்த ஒரு வாக்கியந்தான்.

வலிமார்களை ஸியாரத் செய்வது தகுமா, தகாதா என்று நம்மிடையே வாதங்கள் பல. அவற்றுள் நாம் புக விரும்பவில்லை. மதீனாவிலிருந்து வந்து இம்மண்ணில் ஷஹீதானார்கள் என நம்பப்படும் சுல்தான் செய்யிது இப்ராஹீம் நாயகம் எவர் காலிலும் சங்கிலி பூட்டச் சொன்னதில்லை. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, மூளையும் நோய்வாய்ப்படும் உறுப்பே என்பதை நாம்தாம் மறந்தோம். ஊர் நகைக்குமே என்ற வெட்கத்தில், உறவைத் தொலைவில் கட்டிவைத்து அதற்கு நேர்ச்சை என்று பெயரிட்டோம். உம்மாவின் கண்ணீர் மெய். அவர்களின் துஆவும் மெய். அவற்றோடு ஒரு மருத்துவரும் இருந்திருப்பாரேல்! தீ விபத்துக்குப் பின்னர் தர்காவை நாடி வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிட்டும் வகையில் ஏற்பாடு வந்தது. துஆவும் மருந்தும் ஒன்றையொன்று பகைப்பன அல்லவென்று உணர நமக்கு 28 உயிர்கள் வேண்டியிருந்தன.

மக்ரிபுக்குச் சற்று முன்னர் தர்காவை அடைந்தோம். ஸியாரத் முடித்து மையவாடிக்குச் சென்றோம். மாமாவின் கப்ரு எதுவெனக் காட்டுவார் இல்லை. மணல் மேடுகள் எல்லாம் ஒன்றுபோலிருந்தன. காலையில் வேம்படியில் கண்ட பெயரில்லாப் பெரியாரின் நினைவு வந்தது. அவருக்கேனும் விளக்கேற்ற ஒரு குடும்பம் இருக்கிறது.

எனவே அங்கு அடங்கியோர் அனைவருக்குமாக ஸலாம் கூறினோம். அறுபது ஆண்டுகளாக நம் வீட்டில் ஒலிக்காத அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி, ஃபாத்திஹா ஓதினோம். அல்லாஹுத் தஆலா அவரையும், அவரை நடத்திச் சென்ற நம் உம்மாவையும் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.