வால்பாறை மலைவழி

ஆழியாற்றணையைக் கடந்து வால்பாறைக்கு ஏறும் மலைவழி 40 கொண்டையூசி வளைவுகளை உடையது. ஒன்பதாம் வளைவின் அருகே, செங்குத்துப் பாறைகளில் வரையாடுகள் மேய்தலைக் காணலாம். இதுவே தமிழ்நாட்டின் மாநில விலங்காகும்.

பண்டு இம்மலையில் அடர்ந்திருந்த மழைக்காடு, தேயிலைக்காக வெட்டப்பெற்று, இன்று தோட்டங்களினிடையே தீவுகள்போல் எஞ்சி நிற்கின்றது. புதுத்தோட்டத்துச் சோலையில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. வால்நுனிக் குஞ்சமே இப்பெயர்க்குக் காரணம். சோலைமந்தி என்னும் மற்றொரு பெயரே கேட்க இனிது. மரக்கிளைகளிலேயே உலவும் இயல்பின ஆயினும், சாலை குறுக்கிட்டமையால் இவை தரையில் இறங்கி, ஊர்திகளில் அடிபட்டு மாள்வதுண்டு. அதனைத் தடுக்கவே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியுள்ளனர்.

சோலையாற்று நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்வோர், நீராவி வண்டி புறப்பட்டாற்போன்ற சிறகொலியைக் கேட்டு அண்ணாந்து பார்ப்பர். அஃது இருவாட்சிப் பறவை. அதன் பெடை முதுமரப் பொந்தினுட் புகுந்து, அலகு நுழையுமளவு இடைவெளி விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். சேவல் மூன்று திங்களுக்கும் மேலாக அத்தி முதலிய பழங்களைக் கொணர்ந்து ஊட்டும். சேவல் திரும்பாவிடின் உள்ளிருப்பன பசியால் வாடும். தானே பொந்து குடையும் ஆற்றல் இப்பறவைக்கு இல்லை. முதிர்ந்த மரத்தில் இயல்பாய் உண்டாகும் பொந்தே அதற்கு வீடு.

சிதைந்த சோலைகளில் இன்று நாட்டுமரக் கன்றுகளை நட்டு வருகின்றனர். அவற்றில் இருவாட்சி புகுமளவு பொந்து உண்டாகப் பல தலைமுறை செல்லும்.