ஆட்டின் கண்ணுக்குத் தெரிவது

நெல்லோடு ஆடுமாடுகளும் தூத்துக்குடியில் தோணியேறி இலங்கைக்குச் சென்ற காலம் ஒன்று உண்டு. இத்துறையின் முத்தைப் புகழ்வோர் அந்த வாயில்லா ஜீவன்களை நினைப்பதில்லை. நாமும் நினைத்ததில்லை, துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்த மறுநாள், சனிக்கிழமை வைகறையில், எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போகும் வரையில்.

பாரதியார் 1882-ல் பிறந்த ஊர் அது. முகத்தில் இரு வெள்ளைக் கோடுகள் கொண்ட கன்னி ஆடுகளும், செம்புள்ளி படர்ந்த வேம்பூர்ச் செம்மறிகளும் சந்தையை நிறைத்திருந்தன. ஓரிடத்தில் ஒரே கூச்சல். லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏறாமல் செம்மறிகள் பின்வாங்கின. சிலர் காதையும் காலையும் பற்றி இழுத்தனர். ஒருவர் தடியை ஓங்கினார். நாமும் படமெடுக்க நெருங்கினோம்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பலகையிலே உங்க நிழல் விழுது, ஆட்டுக்கு அது குழி மாதிரி தெரியும்" என்றார் முதிய கீதாரி ஒருவர்.

வெட்கி விலகினோம். அவர் பழகிய கிடா ஒன்றை முன்னே நடத்தினார். மற்றவை தாமாகவே தொடர்ந்தன. பக்கவாட்டில் அமைந்த கண்களால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும் செம்மறிக்கு, தரையின் ஆழம் எளிதில் விளங்குவதில்லை. தனித்தால் நடுங்கும், இனத்தோடு சென்றால் அமைதியுறும். தடிக்கு அங்கே வேலையே இல்லை.

மிருகவதைத் தடைச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. ஆயினும், சட்டம் சொல்லாத நுட்பத்தை அன்று கீதாரி கற்பித்தார். சந்தை ஆடு போய்ச் சேரும் இடம் நமக்குத் தெரியாததன்று. வழியிலாவது அது பயமின்றிப் போகட்டும்.