புல்லட்டின் மூச்சு

1955-இல் சென்னையில் பூட்டத் தொடங்கிய புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு வகையொன்றைத் தந்தையார் நமக்கு விட்டுச்சென்றார். திருவண்ணாமலை வீட்டில் அது நாளும் வாசற்கோலத்தின்மேல் எண்ணெய் சொட்டும். இல்லாளின் முகச்சுளிப்புக்கு அஞ்சி, எஞ்சினின் மூச்சுக்குழாயைத் தக்கையால் அடைத்தோம். இலக்கணம் படித்த மூளை!

ஒற்றை சிலிண்டர் வண்டி. பிஸ்டன் இறங்குந்தோறும் அடியறைக் காற்று நெருக்குண்டு வழி தேடும். வழியற்றுப்போகவே, சீல்களைப் பிதுக்கிக்கொண்டு எண்ணெய் வெளியேறியது. செங்கம் சாலையில் நின்றுவிட்டோம்.

"மூக்கையும் வாயையும் பொத்தினா நீங்க இருப்பீங்களா சார்?" என்றார் மெக்கானிக். சீல்களை மாற்றினார், குழாயை நீட்டி, இருக்கைக்கடியில் ஒரு சிறு புட்டியில் முடித்தார். புட்டியின் மூடியில் துளையிட மறக்கவில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப்பாதையைச் சுற்றிவந்து பார்த்தோம்: புட்டியில் சில சொட்டுகள், கொஞ்சம் வெண்குழம்பு. கோலம் தப்பியது.

தந்தையார் வண்டிக்கடியில் எப்போதும் ஒரு தகரமூடி வைத்திருப்பார். அவர் மறைந்த வாரமே அதைக் குப்பையில் எறிந்தவர் நாம்தான்.